வெள்ளி நைத்திரேற்று: அதன் ஆக்கமும் இயல்பும் பயனும்

இரசாயன ஆய்வுகூடத்தில் முதன்முறையாக உப்புப் பகுப்பாய்வு செய்த மாணவன், மறுநாட் காலையில் தன் விரல் நுனிகளிற் கருங்கபில நிறப் புள்ளிகள் தோன்றியிருத்தலைக் கண்டு வியப்புறுவதுண்டு. சவர்க்காரமிட்டுத் தேய்ப்பினும் அவை நீங்கா. முதல்நாள் அவன் கையாண்ட கரைசலோ நீரைப் போலத் தெளிந்தது, நிறமற்றது, மணமுமற்றது. அது விரலிற் பட்ட பொழுதில் எவ்வித அடையாளமும் காணப்படவில்லை. வெளியே வந்து வெயிலில் நடந்து வீடு சென்ற பின்னரே கறை வெளிப்பட்டது. தேர்தல் நாளன்று வாக்களித்தவரின் விரலிற் பூசப்படும் அழியா மையும் இதே கறையே. இரண்டிற்கும் காரணமாய பொருள் வெள்ளி நைத்திரேற்று என்னும் உப்பாகும்.

வெள்ளியின் உப்புக்களுள் நீரில் மிக எளிதிற் கரைவன மிகச் சிலவே. அவற்றுள் விலையாலும் நிலைபேற்றாலும் கையாளுதற்கு ஏற்றது நைத்திரேற்று. ஆதலின் ஏனைய வெள்ளிச் சேர்வைகள் பெரும்பாலும் இதிலிருந்தே ஆக்கப்படுகின்றன. இவ்வுப்பு நீரிற் கரைந்தவுடன் வெள்ளி அயன்கள் விடுபடுகின்றன. இவ்வயனுக்கு இரண்டு நாட்டங்கள் உண்டு. ஒன்று, ஓர் இலத்திரனைப் பெற்று மீண்டும் உலோக வெள்ளியாதல். மற்றது, குளோரைட்டைக் கண்டவிடத்து அதனுடன் கூடிக் கரையாத வெண்ணிற வீழ்படிவாதல். வெள்ளி நைத்திரேற்றால் மனிதருக்கு விளைந்த நன்மைகளையும் தீமைகளையும் ஒருங்கு நோக்குவார், அவை ஏறக்குறைய யாவும் இவ்விரு நாட்டங்களிலிருந்தே பிறத்தலைக் காண்பர்.

ஐரோப்பிய இரசவாதிகள் ஒவ்வோர் உலோகத்தையும் ஒவ்வொரு கிரகத்தோடு தொடர்புபடுத்தினர். பொன் சூரியனுக்கும், செம்பு சுக்கிரனுக்கும், வெள்ளி சந்திரனுக்கும் உரியனவாயின. ஆதலின், உருக்கி வார்த்த வெள்ளி நைத்திரேற்றுக் கோலுக்குச் 'சந்திரனின் எரிகாரம்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை இட்டனர். அப்பெயர் மருத்துவ நூல்களில் நெடுங்காலம் நிலவியது. தமிழில் வெள்ளி என்னுஞ் சொல் உலோகத்தையும் சுக்கிரனையும் ஒருங்கே குறித்தலால், தமிழ் மாணவனுக்கு இப்பெயர் சற்றே மயக்கந் தருவதாகும்.

இவ்வுப்பை ஆக்கும் முறை எளிது. தூய வெள்ளித் துண்டுகளை முகவையிலிட்டு, ஏறக்குறைய அரைவாசி நீர் கலந்த நைத்திரிக்கமிலத்தைச் சேர்த்து மெல்ல வெப்பமேற்றின் வெள்ளி கரையும். ஐதரோக்குளோரிக்கமிலத்தில் வெள்ளி கரைவதில்லை. ஐதரசனை வெளியேற்றும் ஆற்றல் அவ்வுலோகத்திற்கு இல்லை. நைத்திரிக்கமிலமோ ஒட்சியேற்றும் அமிலம். அது வெள்ளியை ஒட்சியேற்றித் தான் தாழ்த்தப்படுகின்றது. அமிலம் ஐதாயிருப்பின் நைத்திரிக்கொட்சைட்டும், செறிந்திருப்பின் நைதரசனீரொட்சைட்டும் பெரும்பான்மையாக வெளிவரும். முன்னது நிறமற்றதாயினும் காற்றுப் பட்டவுடன் பின்னதாக மாறுதலின், முகவையின் வாயிற் செங்கபில நிறப் புகையே காணப்படும். இப்புகை நுரையீரலுக்குப் பெருந்தீங்கு விளைப்பது. நுகர்ந்து பல மணி நேரத்தின் பின்னரும் அதன் கேடு வெளிப்படக்கூடும். ஆதலின் இவ்வாக்கம் புகைக்கூண்டிலேயே செய்யப்படல் வேண்டும்.

கரைசலை ஆவியாக்கிக் குளிரவிடின் தட்டையான நிறமற்ற பளிங்குகள் தோன்றும். 108 கிராம் வெள்ளியிலிருந்து 170 கிராம் உப்புக் கிடைக்கும். பழைய இந்திய உரூபா நாணயத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் நிறை 11.66 கிராம், 1940 ஆம் ஆண்டில் அதன் வெள்ளி அரைவாசியாகக் குறைக்கப்படும்வரை, பன்னிரண்டிற் பதினொரு பங்கு வெள்ளியாயிருந்தது. ஆகவே அந்நாணயம் ஒன்றில் உள்ள 10.7 கிராம் வெள்ளி, ஏறக்குறைய 16.8 கிராம் வெள்ளி நைத்திரேற்றைத் தரும்.

ஆனால் நாணயத்தையும் பழைய நகையையும் அமிலத்திற் கரைப்பவர் நிறமற்ற கரைசலைக் காணார், அது நீலமாயிருக்கும். வெள்ளிக்கு வன்மையூட்டச் சேர்த்த செம்பும் உடன் கரைந்துவிட்டமையே காரணம். இவ்விரண்டையும் பிரித்தற்கு ஓர் அழகிய முறை உண்டு. கரைசலை வற்றச் செய்து எஞ்சிய உப்பைக் கவனமாக உருக்கும்போது, செப்பு நைத்திரேற்று முன்னதாகப் பிரிகையுற்றுக் கரிய செப்பொட்சைட்டாகின்றது. வெள்ளி நைத்திரேற்றோ ஏறக்குறைய 210 பாகை செல்சியசில் உருகி, 440 பாகையளவிலேயே பிரிகையுறும். ஆகவே இடைப்பட்ட வெப்பநிலையில் வைத்து, ஆறிய பின் நீரிற் கரைத்து வடிப்பின், செப்பொட்சைட்டு வடிதாளிற் றங்கத் தூய வெள்ளி நைத்திரேற்று வடிதிரவத்திற் செல்லும். வெப்பம் மிகுமாயின் இதுவும் பிரிந்து, உலோக வெள்ளி, நைதரசனீரொட்சைட்டு, ஒட்சிசன் என்னும் மூன்றாகிவிடும்.

கரைதிறனில் இவ்வுப்பு வியக்கத்தக்கது. 20 பாகையில் 100 கிராம் நீர் 200 கிராமுக்கும் மேற்பட்ட உப்பைக் கரைக்கும். கொதிநீரில் இது பன்மடங்காகும். இதற்கு மாறாக, ஓர் இலீற்றர் நீரிற் கரையும் வெள்ளிக் குளோரைட்டு இரண்டு மில்லிகிராம் அளவினதே. நைத்திரேற்றுக் கரைசலிற் சாதாரண கறியுப்பு நீரின் ஒரு துளியைச் சேர்ப்பினும் தயிர்போல் வெண்மையான வீழ்படிவு தோன்றுவது இப்பெரும் வேறுபாட்டினாலேயாம். புரோமைட்டுடன் இளமஞ்சளும், அயடைட்டுடன் மஞ்சளுமான வீழ்படிவுகள் உண்டாகும். குளோரைட்டு அமோனியாவில் எளிதிற் கரையும், புரோமைட்டு அரிதிற் கரையும், அயடைட்டுக் கரையாதெனலாம். பகுப்பாய்வு பயிலும் மாணவர் மனனஞ் செய்யும் இவ்வேறுபாடு, வெள்ளி அயனை இம்மூன்றும் எத்துணை இறுகப் பற்றுகின்றன என்பதையே காட்டுகின்றது.

வெள்ளி நைத்திரேற்று ஒளியிற் கறுக்கும் என்று பாடநூல்கள் கூறும். இக்கூற்றிற் சிறிது திருத்தம் வேண்டும். தூசும் சேதனப் பொருளும் சேராத தூய பளிங்கு ஒளியில் நெடுநாள் கறுக்காதிருக்கும். தோல், கடதாசி, பருத்தி, மரத்தூள் ஆகிய சேதனப் பொருளொன்று கலந்தவிடத்தேதான் வெள்ளி அயன் விரைந்து தாழ்த்தப்பட்டு, மிக நுண்ணிய உலோக வெள்ளியாகின்றது. அந்நுண்டுகள் ஒளியைத் தெறிப்பதற்கு மாறாக விழுங்குதலின் கருமையாய்த் தோன்றும். கபில நிறப் போத்தலிலும், தக்கைக்குப் பதிலாகக் கண்ணாடி மூடியிட்டும் இவ்வுப்பைப் பேணுதலின் காரணம் இதுவே.

இக்கருமையின் வரலாறு ஒளிப்படக் கலையின் வரலாறே. 1614 ஆம் ஆண்டில் அஞ்செலோ சாலா என்பார், தூளாக்கிய வெள்ளி நைத்திரேற்று வெயிலிற் கறுத்தலைக் குறித்தார். ஆயினும் கறுப்பித்தது வெயிலின் ஒளியா, வெப்பமா என்பது தெளிவாகவில்லை. 1717 ஆம் ஆண்டளவில் செர்மனி நாட்டவரான சூல்சே என்பார் வேறொரு பொருளை ஆக்கும் நோக்கத்துடன் சுண்ணக்கட்டியை நைத்திரிக்கமிலத்தில் ஊறவைத்தார். அவ்வமிலத்தில் முன்னரே சிறிது வெள்ளி கரைந்திருந்தது. சாளரத்தை நோக்கிய பக்கம் கறுத்ததையும் மறுபக்கம் வெண்மையாயிருந்ததையும் கண்ட அவர், அக்கலவையை நெருப்பின் அருகே வைத்துப் பார்த்தார், கறுக்கவில்லை. பின்பு எழுத்துக்கள் வெட்டிய தாளைப் போத்தலைச் சுற்றி ஒட்டி வெயிலில் வைத்தார். தாளை நீக்கியபோது எழுத்துக்கள் கலவையின்மீது கருமையாய்ப் பதிந்திருந்தன. போத்தலைக் குலுக்கியதும் அவை மறைந்தன. வெப்பத்தையும் ஒளியையும் வேறுபிரித்துக் காட்டிய இப்பரிசோதனை, ஒரு வினாவை எவ்வாறு ஒழுங்குபடுத்தி வினவல் வேண்டும் என்பதற்கு இன்றும் மாணவருக்குக் காட்டத்தக்கது.

1802 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெச்சுவுட்டும் அம்பிரி தேவியும் வெள்ளி நைத்திரேற்றில் நனைத்த கடதாசியிலும் தோலிலும் இலைகளின் நிழலைப் பதித்தனர். படம் கிடைத்தது, அதனை நிலைப்படுத்த வழி கிடைக்கவில்லை. மெழுகுதிரியொளியிலே மறைத்து மறைத்துப் பார்க்கவேண்டிய படங்களாகவே அவை முடிந்தன. கறுக்காத பகுதியில் எஞ்சியிருந்த வெள்ளியுப்பை நீக்கினாலன்றி, பார்க்க எடுக்கும் ஒளியே படத்தை அழித்துவிடும். இதற்கு வேண்டிய மருந்து அப்போது அறியப்படவில்லை. 1819 ஆம் ஆண்டில் யோன் ஏர்செல், சோடியந் தயோசல்பேற்று வெள்ளிக் குளோரைட்டைக் கரைக்கும் எனக் கண்டார். ஆனால் இருபது ஆண்டுகளின் பின், 1839 இல், தால்பற்று என்பார் தமது ஒளிப்பட முறையை வெளியிட்ட காலத்திலேயே இவ்வுண்மை படக்கலைக்குப் பயன்பட்டது. தால்பற்று கடதாசியை முதலில் உப்பு நீரிலும் பின்னர் வெள்ளி நைத்திரேற்றிலும் தோய்த்து, கடதாசியின் இழைகளிடையே வெள்ளிக் குளோரைட்டைத் தோற்றுவித்தார். வெள்ளி அயனின் இரு நாட்டங்களும் இவ்விடத்து ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்பட்டமை காண்க.

1851 ஆம் ஆண்டிற் பரவத் தொடங்கிய ஈரக் கொலோடியன் முறையில், படமெடுப்பவர் கண்ணாடித் தகட்டை வெள்ளி நைத்திரேற்றுத் தொட்டியில் அமிழ்த்தி ஈரங் காயுமுன் படமெடுத்தல் வேண்டும். இம்முறையிற் புகழ்பெற்ற யூலியா மார்கரெற் கமெரோன் அம்மையார், 1875 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் குடிவந்து, இங்கும் சில படங்களை எடுத்து, 1879 இல் இந்நாட்டிலேயே காலமானார். போகவந்தலாவையில் அவரது கல்லறை உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை, ஒளிப்படத் தகடும் படச்சுருளும் செய்யும் தொழிலே வெள்ளி நைத்திரேற்றைப் பெருமளவில் உட்கொண்டது. இலக்கமுறைக் கருவிகள் வந்தபின் அத்தொழில் மிகச் சுருங்கிவிட்டது.

வெள்ளி ஆடியும் இதே தாழ்த்தலின் விளைவு. முற்காலத்துக் கண்ணாடிகளின் பின்புறத்தில் வெள்ளீயத்தையும் இரசத்தையும் சேர்த்துப் பூசினர். அவ்வேலை செய்தோர் இரசத்தின் ஆவியால் நடுக்கமும் பைத்தியமும் உற்றனர். 1835 ஆம் ஆண்டில் இலிபிக்கு, அமோனியா கலந்த வெள்ளிக் கரைசலை அல்டிகைட்டு தாழ்த்துமிடத்துக் கண்ணாடியின்மேல் ஒளிரும் வெள்ளிப் படலம் படிதலைக் கண்டார். ஈற்றில் இம்முறை இரசத்தை அத்தொழிலினின்றும் விலக்கியது. குளுக்கோசையோ அல்டிகைட்டையோ இனங்காணும் ஆடிச் சோதனையாக இஃது இன்றும் பாடசாலைகளிற் செய்யப்படுகின்றது. இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. அமோனியா சேர்ந்த வெள்ளிக் கரைசலைச் சேமித்து வைத்தல் கூடாது. நின்றவிடத்து அதில் வெடிக்கும் இயல்புள்ள கரிய வெள்ளிச் சேர்வை உண்டாகும். அது காய்ந்தபின் ஓர் இறகு படினும் வெடிக்கக்கூடும். வேண்டிய அளவை வேண்டிய பொழுதில் ஆக்கி, சோதனை முடிந்தவுடன் ஐதான அமிலஞ் சேர்த்து அழித்துவிடல் வேண்டும். அன்றியும், நைத்திரிக்கமிலத்தோடு கூடிய வெள்ளி நைத்திரேற்றுக்கு அற்ககோலை ஒருபோதும் சேர்த்தலாகாது.

உயிரியல் கற்போர் கொல்கி என்னும் பெயரை அறிவர். 1873 ஆம் ஆண்டில் அவர் பொட்டாசியமிருகுரோமேற்றில் ஊறிய மூளைத் துண்டை வெள்ளி நைத்திரேற்றில் இட்டபோது, பல்லாயிரம் நரம்புக் கலங்களிடையே ஒருசில மட்டும் கிளை முழுவதும் கறுத்துத் தனித்துத் தெரிந்தன. யாவும் கறுத்திருப்பின் ஒன்றும் விளங்கியிராது. இம்முறையைக் கைக்கொண்ட கயால் என்னும் இசுபானிய அறிஞர், நரம்பு மண்டலம் தனித்தனிக் கலங்களாலாயது எனக் காட்டினார். கொல்கியோ அது தொடர்ந்த ஒரே வலை என்றே கொண்டிருந்தார். 1906 ஆம் ஆண்டின் நோபெற் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

மருத்துவத்தில் இவ்வுப்பின் பெரும்பணி பிறந்த குழந்தைகளின் கண்ணைக் காத்தமையாகும். தாயிடத்து மேகவெட்டை நோய் இருக்குமாயின், அந்நோய்க் கிருமி பிறப்பின்போது குழந்தையின் கண்ணிற் புகும். சில நாட்களில் இமைகள் வீங்கிச் சீழ் வடிந்து, விழிவெண்படலம் புண்ணாகிப் பார்வை அழியும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிற் குருடர் பாடசாலைகளில் இருந்த பிள்ளைகளுட் பலர் இவ்வாறு கண்ணிழந்தவரே. இலைப்சிக்கு நகரத்து மகப்பேற்று மருத்துவர் கிறெடே, 1880 ஆம் ஆண்டில், பிறந்த குழந்தைகளின் கண்களைக் கழுவிக் கண்ணாடிக் கோலினால் 2 வீத வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலின் ஒரு துளியை இடத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அதனை வெளியிட்டார். அவரது மருத்துவமனையில் நூற்றுக்குப் பத்து என்னும் அளவில் இருந்த அந்நோய் நூற்றுக்கு ஒன்றுக்குங் கீழாயிற்று. கிருமியை நைசர் இனங்கண்டது அதற்கு ஓராண்டு முன்னர், 1879 இலேயே.

வெள்ளி அயன் கிருமியின் புரதங்களைப் பற்றி, அவற்றிலுள்ள கந்தகத்தோடு பிணைந்து, அவற்றின் தொழிலை நிறுத்துகின்றது. ஆனால் குழந்தையின் கண்ணும் புரதத்தாலாயதே. அதனைக் காப்பது கண்ணீரிலுள்ள குளோரைட்டு. மிகுந்த வெள்ளி அக்குளோரைட்டோடு கூடி வீழ்படிவாகி மேலும் உட்செல்லாது நின்றுவிடுகின்றது. இத்தடை ஓரளவிற்கே உதவும். இக்கரைசலால் பல குழந்தைகளின் கண் ஓரிரு நாட்கள் சிவந்து வீங்கியதுண்டு. நீர் ஆவியாகிச் செறிவு மிகுந்த கரைசலையோ, தவறாகக் கலந்த கரைசலையோ இட்டவிடத்துக் கண்ணே கெட்டதும் உண்டு. அதனாற் பிற்காலத்தில் 1 வீதமாகக் குறைத்து, ஒருமுறைக்கு மட்டும் போதுமான அளவில் மெழுகுச் சிமிழ்களில் அடைத்து வழங்கினர். நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் வந்தபின் பெரும்பாலான நாடுகளில் இதன் இடத்தை எரித்திரோமைசின் களிம்பு போன்றவை பெற்றன. காக்கும் துளிக்கும் கெடுக்கும் துளிக்கும் இடையே உள்ளது செறிவின் வேறுபாடு மட்டுமே என்பதைக் கரைசல் தயாரிக்கும் ஒவ்வொருவரும் நினைவிற் கொள்ளத் தகும்.

தீப்புண்ணின் வரலாறும் இதனோடு ஒத்தது. 1965 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் மோயர், அரை வீதக் கரைசலில் நனைத்த துணியால் தீப்புண்களை மூடிக் கிருமித் தொற்றைத் தடுத்தார். ஆயின் துணியிலிருந்த வெள்ளி, நோயாளியின் புண்ணீரிலிருந்த குளோரைட்டைத் தன்பால் இழுத்து வீழ்படிவாக்கியது. நீர்த்த கரைசலினுட் சோடியமும் கசிந்து சென்றது. உடலின் உப்பு ஆபத்தான அளவிற்குக் குறையாதிருக்கக் குருதியை அடிக்கடி சோதிக்கவேண்டியதாயிற்று. 1968 இல் வெள்ளிச் சல்பாடயசீன் களிம்பு வந்தபின் இம்முறை அருகியது. பாலுண்ணியையும் மிகைத்த புண்சதையையும் சுடுதற்கும், மூக்கிலிருந்து வடியும் குருதியை நிறுத்துதற்கும், பொட்டாசிய நைத்திரேற்றோடு கலந்து குச்சியின் நுனியிற் பதித்த வெள்ளி நைத்திரேற்று இன்றும் மருத்துவரிடத்து உண்டு. வெள்ளியுப்புக்களை நெடுநாள் உட்கொள்வோரின் தோல் சாம்பல் கலந்த நீலநிறமாகும், அந்நிறம் நீங்குவதில்லை.

தேர்தல் மை பற்றிச் சிறிது கூறுதல் போதும். இந்தியாவில் 1962 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதலாக மைசூரில் ஆக்கப்படும் மை பயன்படுகின்றது. இத்தகைய மைகளில் வழக்கமாக 10 முதல் 18 வீதம் வரை வெள்ளி நைத்திரேற்று உண்டு. தோலின் வியர்வையிலுள்ள உப்போடு அது வெள்ளிக் குளோரைட்டாகி, ஒளியிற் கறுத்துத் தோலோடு ஒன்றிவிடும். மேற்றோல் உதிரும்போது தோற்கறை மறையும். நகத்திற் பட்டது நகம் வளர்ந்து வெட்டப்படும்வரை நிற்கும். ஊதா நிறச் சாயம் சேர்ப்பது, பூசியவுடன் கண்ணுக்குத் தெரிதற்காகவே.

யாழ்ப்பாணக் குடாநாட்டவர்க்கு இவ்வுப்பால் ஆகக்கூடிய மிக நெருங்கிய பயன் கிணற்று நீரின் சோதனையாகும். குடாநாட்டில் ஆறுகள் இல்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையினுள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கின்றது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்திற்கு ஒரு மீற்றர் உயர்ந்திருக்குமாயின், அதன்கீழ் ஏறக்குறைய 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கலாம் என்பது கணிப்பு. ஆயின் இறைப்பினால் ஒரு மீற்றர் குறைந்தால் அடியிலிருந்து உவர்நீர் அவ்விகிதத்தில் மேலெழும். புத்தூர் நிலாவரையில் மேல்நீர் நன்னீராயும் ஆழத்து நீர் உவராயும் இருத்தல் பலரும் அறிந்ததே. துலாவினால் இறைத்த காலத்தில் இறைப்பவனின் களைப்பே நீருக்குக் காவலாயிருந்தது. இயந்திரம் களைப்பதில்லை. நீர் உவர்ப்பதை நாக்கு உணருமுன் அளவினால் அறிதற்கு வெள்ளி நைத்திரேற்று உதவும்.

இம்முறையை 1856 ஆம் ஆண்டில் மோர் என்னும் செர்மனிய அறிஞர் வகுத்தார். 2.395 கிராம் தூய வெள்ளி நைத்திரேற்றைக் காய்ச்சி வடித்த நீரிற் கரைத்து ஓர் இலீற்றராக்குக. இக்கரைசலின் ஒரு மில்லிலீற்றர் 0.5 மில்லிகிராம் குளோரைட்டுக்குச் சமம். கிணற்று நீரில் 50 மில்லிலீற்றரை வெண்ணிறக் கிண்ணமொன்றில் எடுத்துப் பொட்டாசியங் குரோமேற்றின் சில துளிகளைச் சேர்ப்பின் நீர் மஞ்சளாகும். அளவியிலிருந்து வெள்ளிக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்க்குந்தோறும் வெள்ளிக் குளோரைட்டு வெண்மையாய் வீழ்படியும். குளோரைட்டு முடிந்தவுடனே, அதுவரை காத்திருந்த குரோமேற்று வெள்ளியைப் பற்றிச் செங்கல் நிறம் காட்டும். குலுக்கியும் மறையாத முதற் செந்நிறமே முடிவு. அளவியின் வாசிப்பைப் பத்தாற் பெருக்கின், இலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் குளோரைட்டு என்பது கிடைக்கும். காய்ச்சி வடித்த நீருக்கும் இதனைச் செய்து, அச்சிறு வாசிப்பை முன்னரே கழித்துக்கொள்க.

நீர் அமிலமாயிருப்பின் குரோமேற்று மாறிவிடும். காரம் மிகுமாயின் வெள்ளி கபில நிற ஒட்சைட்டாகும். குடாநாட்டின் சுண்ணக்கற் கிணறுகளின் நீர் பெரும்பாலும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாகலின் இம்முறைக்கு ஏற்றது. 250 மில்லிகிராமளவில் நாக்கு உவர்ப்பை உணரத் தொடங்கும். கடல்நீரிலோ இலீற்றருக்கு 19 கிராம் குளோரைட்டு உண்டு. ஒரு நாட் சோதனையால் யாதும் துணிதல் கூடாது. மாரி முடிந்த தை மாதத்திலும், நீர் வற்றிய ஆவணி, புரட்டாதியிலும் ஒரே கிணற்றை ஆண்டுதோறும் அளந்து குறித்துவரின், உவர்நீர் ஏறுகின்றதா என்பது புலப்படும். வாசிப்பு 25 மில்லிலீற்றராயிருப்பினும் ஒரு சோதனைக்குச் செலவாவது 60 மில்லிகிராம் உப்பே. 25 கிராம் கொண்ட ஒரு சிறு போத்தல் நானூறு சோதனைகளுக்குப் போதும். உயர்வகுப்பு மாணவர் தத்தம் வீட்டுக் கிணற்று நீரைக் கொணர்ந்து அளப்பின், சில ஆண்டுகளில் ஓர் ஊரின் நீர்க்கணக்கே பாடசாலையில் இருக்கும். குளோரைட்டுக் குறைந்த நீர் குடித்தற்கு நன்று என்று மட்டும் கொள்ளலாகாது. தோட்டப் பசளையால் நீரிற் சேரும் நைத்திரேற்றையும் மலக்கிருமிகளையும் இச்சோதனை காட்டாது. அவற்றிற்கு வேறு சோதனைகள் வேண்டும்.

சோதனையின் கழிவைக் கிணற்றருகிலோ வடிகாலிலோ ஊற்றுதல் தகாது. குரோமேற்று நஞ்சு, புற்றுநோய் விளைக்க வல்லது, அதனைத் தனிப் போத்தலிற் சேர்த்து வைத்து முறைப்படி அகற்றல் வேண்டும். வெள்ளியோ மீட்கத்தக்கது. கழிவைச் சிறிது நைத்திரிக்கமிலத்தால் அமிலமாக்கிக் கறியுப்பு நீர் சேர்த்தால் வெள்ளி முழுவதும் குளோரைட்டாய் அடியிற் படியும். அதனை நன்கு கழுவி, நாகத் துண்டுகளையும் ஐதான சல்பூரிக்கமிலத்தையும் சேர்த்து வைப்பின், வெண்ணிற வீழ்படிவு மெல்ல மெல்லச் சாம்பல் நிற வெள்ளித் தூளாக மாறும். எஞ்சிய நாகத்தை அமிலத்திற் கரையவிட்டுத் தூளை நீரினாற் பலமுறை கழுவல் வேண்டும். கழுவியது போதுமா என்பதை அறிய, கழுவிய நீரின் சில துளிகளில் ஒரு துளி வெள்ளி நைத்திரேற்றை விடுக. வெண்மை தோன்றுமாயின் குளோரைட்டு இன்னும் உளது. நீர் தெளிவாகவே நிற்குமாயின், அத்தூளை உலர்த்தி மீண்டும் நைத்திரிக்கமிலத்திற் கரைக்கலாம்.